மேற்குச் சுவர்

சவரியம்மாளைக் குரு என்று யாரும் அழைத்ததில்லை. மேஸ்திரியம்மா என்பார்கள். பன்னிரண்டு வயதில் சாந்துச் சட்டி சுமக்கப் போனவர். இருபத்தைந்தில் கொத்துக்கரண்டி பிடித்தார். நாற்பதில் ஆள் வைத்து வீடு கட்ட ஆரம்பித்தார். இப்போது நாற்பத்தெட்டு வயது. வீடு கட்டக் கற்றுக்கொள்ள அவரிடம் ஆட்கள் வந்து தங்கினார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் பெரும்பாலும் கையில் ஒரு வேலையைக் கொடுப்பார்.

வந்தவர்களில் அம்பலவாணன் மட்டும் அவரைவிட ஐந்து வயது பெரியவர். இஞ்சினியரிங் படித்தவர். சென்னையில் இருபத்தேழு வருடம் அடுக்குமாடி வீடுகள் கட்டினார். ஒருநாள் நண்பருக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஒரு குடியிருப்புக்குப் போனார். வாசலில் பதித்திருந்த கல்லில் தன் பெயரைப் படித்த பிறகுதான் அது தான் கட்டியது என்று தெரிந்தது. அடுத்த மாதம் வேலையை விட்டார்.

மூன்று வருடம் சவரியம்மாளிடம் செங்கல் சுமந்தார், சாந்து குழைத்தார். சவரியம்மாள் அவரைக் கடைசிவரை சார் என்றுதான் கூப்பிட்டார். நாலாவது வருடம், "இனி ஒரு வீட்டை நீங்களாத் தனியாக் கட்டிட்டு வாங்க சார்" என்று அனுப்பிவைத்தார்.

வீட்டைக் கட்டி ஒப்படைத்து ஒரு மாதம் ஆனபின், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அம்பலவாணன் திரும்பி வந்தார். முகம் சரியில்லை. முதல்நாள் போட்ட சட்டையையே போட்டிருந்தார். சவரியம்மாள் மணல் சலித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரியம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"காத்தும் வெளிச்சமுமா ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கேன். அதுல இருக்கவேண்டிய மனுஷன் ஸ்டோர் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கார். ஏன்?"

சல்லடை நின்றது.

"யாரு வீடு அது?"

அம்பலவாணன் மணல் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்.

மாடக்கண்ணு என்பவருடைய வீடு. கொலைக் குற்றத்துக்காக இருபத்தொரு வருடம் சிறையில் இருந்தவர். அவர் உள்ளே போகும்போது மகள் செல்வக்கனிக்கு ஐந்து வயது. தாயோடு, தாயின் பிறந்த ஊருக்குப் போய் வளர்ந்தாள். தாயும் சில வருடங்களுக்கு முன் இறந்துவிட்டாள். செல்வக்கனி நர்ஸுக்குப் படித்து மஸ்கட்டில் வேலை பார்க்கிறாள். அப்பா வெளியே வரும்போது அவருக்கு ஒரு வீடு இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

"அப்பா இத்தனை வருஷம் சுவரைத்தான் பாத்திருக்காங்க சார். இனிமே அவங்க கண்ணுல சுவரே படக்கூடாது. ஜன்னலுக்குக் கம்பிகூட வேண்டாம்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

அப்படியே கட்டினார் அம்பலவாணன். குறுக்குச் சுவர் இல்லாத ஒரே நீளக் கூடம். கட்டில், சமையல் மேடை, நாற்காலி எல்லாம் அதிலேயே. மேற்குச் சுவரில் ஆறடி அகலத்துக்கு ஒரு ஜன்னல். கம்பி இல்லை. அதில் மலை தெரியும். எங்கே இருந்து பார்த்தாலும் தெரியும்.

"அவரைப் போய்ப் பாத்தியளா, கட்டுறதுக்கு முன்னாடி?"

"பார்த்தேன். ஜெயில்ல வலைக்கு அந்தப் பக்கம் நின்னார். பத்து நிமிஷம். எப்படி வீடு வேணும்னு கேட்டேன். எதுவானாலும் சரி சார்னு சொன்னார்."

"எடத்தைச் சொன்னியளா?"

"இல்லை. அவங்களோட பழைய நிலத்துலேயே கட்டுறதைச் சொல்லாதீங்க, வந்து பார்த்து சந்தோஷப்படட்டும்னு மகள் சொன்னா."

சவரியம்மாள் சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

"வந்த அன்னைக்கு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. கூடத்துக்குள்ள வந்ததும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டார். மகள் போன்ல வீடியோவுல பார்த்து அழுதா. நல்லாருக்கும்மான்னு சொன்னார். நானும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்துட்டேன்."

நேற்று மதியம் அந்த வழியாகப் போனவர், எட்டிப் பார்க்கலாம் என்று இறங்கியிருக்கிறார். கூடத்தில் யாரும் இல்லை. கட்டிலின் மேல் போட்ட பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல் இருந்தது. கூப்பிட்டும் பதில் வரவில்லை. சமையல் மேடைக்குப் பின்னால் அரிசியும் மிச்சமான பெயின்ட் டப்பாக்களும் வைக்க ஒரு சின்ன அறை. அதன் கதவைத் திறந்தார். உள்ளே மாடக்கண்ணு தரையில் சாக்கை விரித்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மின்விசிறி இல்லை. உடம்பெல்லாம் வியர்வை. கதவு திறந்த சத்தத்துக்குத் துள்ளி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார்.

"அப்படியே நின்னார் மேஸ்திரியம்மா. நான் என்னமோ ஜெயிலர் மாதிரி." அம்பலவாணன் தலையைக் குனிந்துகொண்டார். "சின்ன அறையிலேயே இருந்து பழகிட்டார். நான் கட்டின வீட்டுல அவருக்குத் தூக்கம் வரலை. அப்ப நான் அவருக்கு இன்னொரு ஜெயிலா கட்டிக் கொடுத்திருக்கணும்?"

சவரியம்மாள் உள்ளே போய்ப் பையில் கரண்டியையும் மட்டக் கட்டையையும் போட்டு எடுத்துவந்தார்.

"ஒன்பதரை பஸ் இருக்கு. வாங்க."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. ஊரைத் தாண்டி அரை மைல் தள்ளி, நிலத்தின் நடுவே தனியாக நின்றது வீடு. வாசல் கிழக்கே பார்த்திருந்தது. மாடக்கண்ணு வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும். ஒல்லியான, உயரமான உடம்பு. சவரியம்மாளைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இவங்கதான் என் மேஸ்திரி" என்றார் அம்பலவாணன்.

"வாங்க தாயி."

"வீட்டைப் பாக்கலாம்னு வந்தேன் அண்ணாச்சி."

"பாருங்க. நல்ல வீடு. சார் மேல ஒரு குத்தமும் இல்ல." அதைச் சொல்லிவிட்டு அவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

சவரியம்மாள் கூடத்துக்குள் போனார். அம்பலவாணன் பின்னால் போனார். சுவரின் பூச்சையோ தளத்தின் மட்டத்தையோ சவரியம்மாள் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய் மல்லாந்து படுத்தார். கொஞ்ச நேரம் கிடந்தார். எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போடப்பட்டிருந்தது. அதைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை உட்கார்ந்தார். பிறகு சமையல் மேடைக்கு முன்னால் போய் அடுப்பு பற்ற வைப்பவர் மாதிரி நின்றார்.

"சார், இந்தக் கட்டில்ல வந்து படுங்க."

அம்பலவாணன் படுத்தார்.

"என்ன தெரியுது?"

"மலை."

"மலைக்கு முன்னால?"

"ரெண்டு பனை. கிணறு."

"இங்க வந்து உக்காருங்க. இப்ப?"

"அதேதான். பனை, கிணறு."

"அடுப்புக்கிட்ட நின்னு பாருங்க."

"கிணறு தெரியுது மேஸ்திரியம்மா. எல்லா இடத்துலேர்ந்தும் தெரியும். அப்படித்தான் ஜன்னலை வைச்சேன். செல்வக்கனிதான் போட்டோவைப் பார்த்துட்டு, அந்தக் கிணறு நடுவுல வர்ற மாதிரி வைங்க சார், படம் மாதிரி இருக்கும்னு சொன்னா."

"அந்தச் சின்ன ரூமுக்குள்ள போங்க."

போனார். ஆறடிக்கு நாலடி. சாக்கு இன்னும் தரையில் கிடந்தது. உள்ளே வியர்வையும் பெயின்ட்டும் கலந்த வாடை.

"இங்க என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை."

சொல்லிவிட்டு அம்பலவாணன் மறுபடி சுவரைப் பார்த்தார். வெளியே வந்தார். சவரியம்மாள் அவரைப் பார்க்காமல் வாசல் பக்கம் போனார்.

"ஜெயில்ல இருந்த பழக்கம்னு நெனச்சியளோ?" என்று மட்டும் போகிற போக்கில் கேட்டார். "அதுவும் இருக்கலாம்."

மாடக்கண்ணு நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். சவரியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கெணறு யாருது?"

மாடக்கண்ணு துண்டை இரண்டு கையாலும் முறுக்கினார். ஒரு லாரி தூரத்துச் சாலையில் போய் மறைந்தது.

"எனக்கும் எந்தம்பிக்கும் பொதுக் கெணறு தாயி."

"தம்பி எங்க இருக்காரு?"

"நயினாரு அதுக்குள்ளதான் செத்தான்."

அம்பலவாணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மாடக்கண்ணு கொலை செய்தவர் என்பது அவருக்குத் தெரியும். யாரை என்று அவர் கேட்டதில்லை. கேட்பது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டார். எங்கே என்று கேட்கவேண்டும் என அவருக்குத் தோன்றியதே இல்லை.

மாடக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மொறைத் தண்ணி. திங்களும் புதனும் எனக்கு. செவ்வாயும் வியாழனும் அவனுக்கு. அன்னைக்குப் புதங்கெழம. மோட்டாரப் போட்டுட்டு வயலுக்குப் போனா தண்ணி வரல. அவன் மடைய அவன் பக்கம் திருப்பி வெச்சிருக்கான். நெல்லு கருகிக்கிட்டு நிக்கி. கெணத்து மேட்டுல நின்னவங்கிட்டப் போயி கேட்டேன். அவன் ஒரு வார்த்த சொன்னான். நான் ஒரு வார்த்த சொன்னேன். கையில மம்பட்டி இருந்துச்சி. கட்டையால ஒரு அடி. ஒண்ணுதான். அப்படியே பின்னால சாஞ்சி உள்ள விழுந்துட்டான்."

நிறுத்தினார். முறுக்கிய துண்டை அவிழ்த்தார்.

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும் தாயி. நாங்க ரெண்டுபேரும் அதுலதான் படிச்சோம். அவனுக்கு இடுப்புல சொரக்குடுக்கையைக் கட்டி நான்தான் படிச்சிக் குடுத்தேன். அன்னைக்கு நான் எறங்கல."

"ஏன்?" அம்பலவாணனின் வாயிலிருந்து அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது.

"தெரியல சார். இருபத்தோரு வருசமா அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். எட்டிப் பாத்துக்கிட்டு நின்னேன். மண்டையில அடிபட்டதுல அவனுக்குக் கை தூக்க முடியல. மேல பாத்தான். வையல. சாபம் போடல. அண்ணேன்னு கூப்பிட்டான். ரெண்டு தடவ கூப்பிட்டான்."

அம்பலவாணன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

வீடு கட்ட இடம் பார்க்க வந்தபோது அந்தக் கிணறே தெரியாமல் கருவேல முள் மூடிக் கிடந்தது. ஜேசிபி வைத்து முள்ளைப் பிடுங்கியது அவர். இடிந்திருந்த சுற்றுச் சுவரைப் பூசி, எடுப்பாகத் தெரியட்டும் என்று வெள்ளையடித்ததும் அவர்தான். வேலை நடந்த எட்டு மாதமும் உள்ளூர்ச் சித்தாள் பெண்கள் அந்தக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் இறைக்கவில்லை. அரை மைல் நடந்து தெருக்குழாயிலிருந்து சுமந்து வந்தார்கள். உப்புத் தண்ணீர் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒருத்தியிடமும் கேட்கவில்லை. இந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் அவர் சொல்லி வைத்தது. ஒரு மனிதன் விழித்தால், படுத்தால், சோறு பொங்கினால், தலையைத் திருப்பினால், எல்லா நேரமும் அந்த வெள்ளை வட்டம் கண்ணில் விழும்படி அளந்து அளந்து வைத்திருக்கிறார்.

"உங்க மகளுக்கு?" என்று கேட்டார்.

"வயக்காட்டுச் சண்டையில சித்தப்பா செத்தான்னு தெரியும். எடம் தெரியாது. அவ அம்மா சொல்லாமத்தான் வளத்தா. அடுத்த வெள்ளிக்கெழம லீவுல வாரா. இந்த ஜன்னல்ல உக்காந்து அப்பாவும் நானும் காப்பி குடிக்கணும்னு போனுல சொன்னா." மாடக்கண்ணு நிமிர்ந்து அம்பலவாணனைப் பார்த்தார். "அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க சார். பிள்ள ஆசையாக் கட்டிருக்கா. அவ வந்து இருக்க நாளுல நான் எப்படியும் கூடத்துல இருந்துக்கிடுவேன்."

அம்பலவாணன் சட்டென்று எழுந்தார்.

"கிணத்தை மூடிடுறேன். இன்னைக்கே. ரெண்டு லாரி மண்ணு போதும். சாயங்காலத்துக்குள்ள தரையோட தரையாக்கிடலாம். உங்க மகள் கேட்டா பாம்பு அடையுதுன்னு சொல்லிக்கலாம்." போனை எடுத்து ஜேசிபிக்காரரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

மாடக்கண்ணு இரண்டே எட்டில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அதுவரை தணிந்து பேசிய மனிதரின் பிடி இரும்பு மாதிரி இருந்தது.

"மூடக்கூடாது."

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"மூடிட்டா எந்தம்பிய நான் எங்க போய்ப் பாப்பேன்? பொணத்தை எரிக்கும்போதும் என்னை விடல. கருமாதிக்கும் விடல. அவன் கூப்பிட்ட எடம் அது ஒண்ணுதான் இருக்கு." பிடியை விட்டார். உடனே தான் செய்தது உறைத்து, பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டார். "தப்பா நெனச்சிராதீங்க சார்."

அம்பலவாணன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார். பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை என்கிறார் இந்த மனிதர். முப்பது வருடத்தில் தான் படித்ததிலும் கட்டியதிலும் இதற்கு வழி இல்லை. அவர் சவரியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன செய்யட்டும் மேஸ்திரியம்மா?"

சவரியம்மாள் எழுந்து வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். மிச்சமான செங்கல் அங்கே அடுக்கியிருந்தது. கண்ணால் எண்ணிப் பார்த்தார். அரை மூட்டை சிமென்ட் இருந்தது. மணல் இருந்தது. திரும்பி வந்து பையிலிருந்து கரண்டியை எடுத்தார். அம்பலவாணன் கையை நீட்டினார். சவரியம்மாள் அவரைத் தாண்டிப் போய் அதை மாடக்கண்ணுவிடம் நீட்டினார்.

"செவுரு கட்டத் தெரியுமா அண்ணாச்சி?"

"உள்ள அந்த வேலதான் பாத்தேன் தாயி. பதினாலு வருசம். ஜெயிலுச் சுத்துச் செவுரே பாதி நாங்க கட்டினதுதான்."

"அப்ப உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படிக் கட்டுங்க. நாங்க ரெண்டுபேரும் ஒங்களுக்குச் சித்தாளு."

மாடக்கண்ணு கரண்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அம்பலவாணனைப் பார்த்தார்.

"சார் கட்டின ஜன்னலு."

அம்பலவாணன் பின்பக்கம் போய்ச் சட்டியில் மணலை அள்ளினார்.

வேலை பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. சவரியம்மாள் சாந்து குழைத்தார். வீட்டுக்கு இன்னும் குழாய் இணைப்பு வராததால் தண்ணீருக்குத் தெருக்குழாய்வரை போனார் அம்பலவாணன். நாலு நடை நடந்தார். ஐந்தாவது நடைக்குக் குடத்தை எடுத்தபோது அந்த வழியே ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு பெண், எட்டு மாதம் அவரிடம் வேலை பார்த்தவள், நின்று பார்த்தாள்.

"இப்பந்தான் தெரிஞ்சிச்சா சார்?" என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார். அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

மாடக்கண்ணு ஜன்னலின் அடிக்கட்டையில் நூல் பிடித்து முதல் வரிசையை வைத்தார். அவசரமில்லாத கை. ஒரு கல்லை வைத்து, கரண்டிப் பிடியால் இரண்டு தட்டு, வழிந்த சாந்தை வழித்து அடுத்த கல்லுக்கு. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் பின்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். கட்டிலில் படுத்துப் பார்ப்பார். பிளாஸ்டிக் உறை சரசரக்கும். எழுந்து போய் அடுத்த வரிசை.

வரிசை ஏற ஏறக் கிணறு கீழே இறங்கியது. முதலில் கட்டிலில் படுத்தால் மறைந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தால் மறைந்தது. செங்கல் கொடுத்துக்கொண்டிருந்த அம்பலவாணனின் உள்ளங்கை தோலுரிந்து எரிந்தது. கூடத்தின் தரையில் கிடந்த வெளிச்சம் சுருங்கிக்கொண்டே வந்தது. தன் கையால் அளந்து விட்ட வெளிச்சம். அதைத் தன் கையாலேயே அடைக்கக் கல் எடுத்துக் கொடுக்கிறோம் என்று நினைத்தபோது, அவருக்குத் துக்கம் வரவில்லை. இத்தனை நாள் அது வெளிச்சம் என்று நினைத்திருந்ததுதான் அவரைத் திடுக்கிட வைத்தது.

மூன்று மணிக்குச் சவரியம்மாள் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினார். அரிசி எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனவர், தரையில் கிடந்த சாக்கை உதறி மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். மாடக்கண்ணு அதைப் பார்த்தார்.

சுவர் ஆளுயரம் வந்ததும் மாடக்கண்ணு நிறுத்தினார். மேலே ஒரு முழம் அடைக்காமல் விட்டார். அந்த இடைவெளியில் மலையின் உச்சியும் வானமும் தெரிந்தன. கூடம் நினைத்த அளவு இருட்டாகவில்லை. சாய்ந்த வெயில் மேலாக நுழைந்து எதிர்ச் சுவரில் விழுந்திருந்தது.

கரண்டியைக் கழுவித் துடைத்துச் சவரியம்மாளிடம் கொடுத்தார்.

"வெள்ளிக்கெழம அவ வந்து ஜன்னல எங்கன்னு கேப்பா" என்றார் அம்பலவாணனிடம். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார்."

"சொல்லமாட்டேன்."

"நானே சொல்லிக்கிடுதேன். கெணத்தையும் சொல்லுதேன். அவன் கூப்பிட்டதையும் சொல்லுதேன்."

கட்டிலருகே போனார். பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தெடுத்தார். அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கை கால் கழுவத் தெருக்குழாயை நோக்கி நடந்தார்.

கூடத்தில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். சவரியம்மாள் மட்டக் கட்டையைப் பையில் வைத்தார். அம்பலவாணன் புதிய சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். ஈரமாக இருந்தது. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. வலது பக்கம், மாடக்கண்ணு நின்றால் அவர் கண் இருக்கும் உயரத்தில், ஒரு கல் இல்லை. அந்த இடம் திறந்து கிடந்தது.

கீழே ஒரு செங்கல் மிச்சமிருந்தது. சட்டியின் அடியில் ஒரு கை சாந்தும் இருந்தது. அம்பலவாணன் கல்லை எடுத்து அதன் மேல் சாந்தை அப்பினார்.

"ஒரு கல்லு விட்டுப்போச்சு மேஸ்திரியம்மா. வயசானவர், கவனிக்கலை போல. வைச்சிடட்டுமா?"

"அதுல கண்ண வெச்சிப் பாருங்க."

குதிகாலைத் தூக்கி எக்கிப் பார்த்தார். மலை இல்லை. பனை இல்லை. கிணற்றின் வெள்ளைச் சுவர் மட்டும் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

அவர் சட்டென்று முகத்தை எடுத்தார். கையில் கல்லோடு நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். கல் இல்லாத அந்த இடத்தில் கொஞ்சம் வானம் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். அதுவும் தெரியவில்லை. மறுபடி சுவருக்கு வந்து எக்கினார். கிணறு அங்கேயே இருந்தது.

"எழுந்து வந்து இங்க நின்னாத்தான் தெரியுது" என்றார் மெதுவாக.

சவரியம்மாள் பையைத் தோளில் மாட்டினார்.

"ஜன்னலை அடைச்சிட்டு, இதை எதுக்கு மேஸ்திரியம்மா விட்டு வைச்சிருக்கார்?"

"அவரு ஜன்னலை அடைக்கல சார். அவரு ஜன்னல் அதுதான்" என்றார் சவரியம்மாள். "இவ்வளவு நாளும் இங்க இருந்தது ஓட்டை."